ஐபி டிப்ளமோ கல்லூரிக்கு எதைக் கற்றுத் தருகிறது? பெற்றோரும் மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐபி டிப்ளமோ என்பது என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கான பாடத்திட்டம். நம் ஊர்க் கணக்கில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு. இதை நடத்தும் இன்டர்நேஷனல் பேக்கலோரியட் அமைப்பு 1968ல் ஜெனீவாவில் தொடங்கியது. பெற்றோரின் வேலை காரணமாக நாடு மாறிக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்கு, எந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் ஏற்கும் ஒரு பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டும் என்பதுதான் முதல் நோக்கம். இந்தியாவில் இதை முதலில் எடுத்துக்கொண்ட பள்ளி நம் கொடைக்கானலில்தான் இருக்கிறது. கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூலில் 1976ல் தொடங்கியது.

மாணவர் ஆறு பாடங்கள் எடுப்பார்: தாய்மொழி அல்லது நன்கு தெரிந்த மொழியின் இலக்கியம், இரண்டாம் மொழி, சமூக அறிவியல், இயற்கை அறிவியல், கணிதம், ஆறாவதாக ஒரு கலைப்பாடம். கலை வேண்டாமென்றால் மற்ற குழுக்களிலிருந்து இன்னொன்றை எடுக்கலாம். ஆறில் மூன்று ஹையர் லெவல், மூன்று ஸ்டாண்டர்ட் லெவல். பள்ளிகளில் எல்லோரும் சொல்வது எச்எல், எஸ்எல். எச்எல் பாடத்துக்கு 240 மணி நேர வகுப்பு, எஸ்எல்லுக்கு 150. இரண்டாண்டில் மொத்தம் 1,170 மணி. ஒவ்வொரு பாடத்துக்கும் 7 புள்ளி, ஆக 42. அதற்கு மேல் 4,000 சொல் ஆய்வுக் கட்டுரையான எக்ஸ்டெண்டட் எஸ்ஸேக்கும் நமக்கு ஒன்று எப்படித் தெரியும் என்று ஆராயும் டிஓகே என்ற பாடத்துக்கும் சேர்த்து 3 புள்ளி. மொத்தம் 45. காஸ் என்ற செயல்பாட்டுத் திட்டத்துக்குப் புள்ளி இல்லை, ஆனால் அதை முடிக்காமல் டிப்ளமோ கிடையாது.

சிபிஎஸ்இ, ஏ லெவல், ஏபி ஆகியவற்றிலிருந்து எதில் வேறுபடுகிறது?

பிரிட்டனின் ஏ லெவலில் பெரும்பாலும் மூன்றே பாடங்கள், ஆழமாக. அமெரிக்காவின் ஏபி தனித்தனித் தேர்வுகளின் தொகுப்பு. எத்தனை வேண்டுமோ அத்தனை எழுதலாம், ஒவ்வொன்றும் 5க்கு. சிபிஎஸ்இயிலும் மாநிலப் பாடத்திட்டத்திலும் மதிப்பெண்ணின் பெரும்பகுதி இறுதித் தேர்விலிருந்து வருகிறது. ஐபியில் ஆறு பாடங்களையும் விட முடியாது. கணிதம் பிடிக்காதவரும் கணிதம் படிக்க வேண்டும், இலக்கியம் பிடிக்காதவரும் நாடகமும் கவிதையும் படித்து எழுத வேண்டும். பெரும்பாலான பாடங்களில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் வரை தேர்வறைக்கு வெளியே மாணவர் தானே செய்த வேலைக்குப் போகிறது.

சரி, கல்லூரிக்குத் தயார்ப்படுத்துகிறது என்கிறார்களே, எது தயார்ப்படுத்துகிறது?

பாடத்தின் கனம் அல்ல. கல்லூரி முதலாண்டில் வரும் கால்குலஸையோ மேக்ரோ பொருளாதாரத்தையோ முன்கூட்டியே படித்துவிட்டால் முதல் பருவம் சற்று எளிதாகும், அவ்வளவுதான். இரண்டாம் பருவத்தில் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

நிலைத்து நிற்பது வேறு. தானே ஒரு கேள்வியை உருவாக்கி, மாதக்கணக்கில் அதன் பின்னால் போய், கிடைத்ததை ஆதாரத்தோடு எழுதி, கெடு தேதிக்குள் ஒப்படைக்கும் பழக்கம். கல்லூரியில் பேராசிரியர் "பத்து பக்கத்தில் ஒரு ஆய்வுக் கட்டுரை, ஆறு வாரத்தில்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நடுவில் யாரும் கேட்க மாட்டார்கள். பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் திணறுவது பெரும்பாலும் அங்கேதான். ஐபி மாணவர் இதைப் பள்ளியிலேயே குறைந்தது ஏழெட்டு முறை செய்திருப்பார்: ஒரு எக்ஸ்டெண்டட் எஸ்ஸே, பாடத்துக்கு ஒன்றாக ஐஏ என்னும் அகமதிப்பீடுகள், டிஓகே கட்டுரை. இந்த வேலைகளைப் பிள்ளை தானே செய்தால் ஐபி பயன் தரும். டியூஷன் ஆசிரியர் செய்தால், கிடைப்பது புள்ளி மட்டும்தான். கீழே உள்ள பதில்களில் பல இந்த வேலைகளைப் பற்றியே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

எக்ஸ்டெண்டட் எஸ்ஸேயில் என்னதான் செய்ய வேண்டும்?

மாணவர் ஒரு பாடத்தைத் தேர்ந்து, ஒரு ஆய்வுக் கேள்வியை வகுத்து, 4,000 சொல்லுக்கு மிகாமல் எழுத வேண்டும். 4,000க்கு மேல் எழுதியதைத் தேர்வாளர் படிக்க மாட்டார். முடிவுரை 4,100வது சொல்லில் இருந்தால் அந்தக் கட்டுரைக்கு முடிவுரையே இல்லை என்றுதான் பொருள். வழிகாட்டும் ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவரோடு மூன்று கட்டாயச் சந்திப்புகள், கடைசிச் சந்திப்பு ஒரு சிறு நேர்காணல் போல. முழு வரைவு ஒன்றுக்கு ஒரே ஒரு முறைதான் அவர் கருத்துச் சொல்லலாம். வரிக்கு வரி திருத்தித் தர அவருக்கு அனுமதி இல்லை. மாணவர் ஏறத்தாழ 40 மணி நேரம் செலவிட வேண்டும் என்பது ஐபியின் கணக்கு. ஒழுங்காகச் செய்பவருக்கு இதைவிடக் கூடவே ஆகும்.

பல கட்டுரைகள் சறுக்குவது கேள்வியிலேயே என்று தாராளமாகச் சொல்லலாம். "சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு என்ன காரணம்?" என்று ஒருவர் தொடங்குவார். அது முனைவர் பட்டத்துக்கே பெரிய கேள்வி. 4,000 சொல்லில் செய்தித்தாள் கட்டுரைகளின் சுருக்கம்தான் வரும். அதையே "2019 கோடையில் எங்கள் பகுதியின் இரு தெருக்களில் லாரித் தண்ணீருக்குக் குடும்பங்கள் செலவிட்ட தொகைக்கும் வீட்டுக் கிணற்றின் ஆழத்துக்கும் எவ்வளவு தொடர்பு இருந்தது?" என்று குறுக்கினால் புவியியல் கட்டுரையாகிவிடும். அளக்கக் கிணறு இருக்கிறது, கேட்க வீடுகள் இருக்கின்றன, தொடர்பு இல்லை என்று தெரியவந்தாலும் அதுவும் ஒரு விடைதான்.

கேள்வியைச் சோதிக்க மூன்று வினாக்கள் போதும். இதற்கு எதிரான விடையும் வர வாய்ப்பு உண்டா? தேவையான தரவு இரண்டு மாதத்தில் என் கைக்கு வருமா? இது நான் எடுக்கும் பாடத்தின் முறைகளால் விடை காணக்கூடியதா? மூன்றாவதில்தான் ஆர்வமான பிள்ளைகள் விழுகிறார்கள். கிரிக்கெட் ஏலத்தைப் பற்றிப் பொருளாதாரத்தில் எழுதப் போய், வரைபடமும் கோட்பாடும் இல்லாமல் விளையாட்டுக் கட்டுரையாக முடிப்பார்கள். தலைப்பு சுவையானது, பாடம்தான் இல்லை.

மேற்கோள் குறிப்பது இன்னொரு இடறு. எம்எல்ஏ, ஏபிஏ, சிகாகோ என எந்த முறையானாலும் சரி, ஒன்றைப் பிடித்து முடிவு வரை மாறாமல் இருக்க வேண்டும். படிக்கும்போதே பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளாதவர்கள், கடைசி வாரத்தில் அந்த வரி எந்தப் புத்தகத்தில் இருந்தது என்று தேடித் தேடி இரண்டு இரவைத் தொலைப்பார்கள்.

அகமதிப்பீடு என்கிற ஐஏ பாடத்துக்குப் பாடம் மாறுமா?

மாறும். கணிதத்தில் 12 முதல் 20 பக்க ஆய்வு, 20 சதவீதம். பொருளாதாரத்தில் செய்திகளை வைத்து மூன்று விளக்கக் குறிப்புகள், ஒவ்வொன்றும் 800 சொல். வரலாற்றில் 2,200 சொல் ஆய்வு. இலக்கியத்தில் 15 நிமிட வாய்மொழித் தேர்வு: 10 நிமிடம் மாணவர் பேச, 5 நிமிடம் ஆசிரியர் கேட்பார். இயற்பியல், வேதியியல், உயிரியலில் 3,000 சொல்லுக்கு மிகாத ஆய்வறிக்கை, 20 சதவீதம். முதலில் பள்ளி ஆசிரியர் திருத்துவார். பிறகு ஐபி சில மாதிரிகளை வாங்கிச் சரிபார்த்து, ஆசிரியர் தாராளமாகப் போட்டிருந்தால் பள்ளி முழுவதற்கும் மதிப்பெண்ணைக் குறைத்துவிடும்.

அறிவியல் ஐஏயில் ஏன் இவ்வளவு பேருக்கு மதிப்பெண் போகிறது?

பெரும்பாலும் சோதனையின் அமைப்பில்தான் போகிறது. எழுத்து அதற்கு அடுத்தது. ஒரு உதாரணம். விளக்கெண்ணெயில் எஃகுக் குண்டைப் போட்டு, எண்ணெயின் வெப்பநிலை மாற மாற அதன் பாகுநிலை எப்படிக் குறைகிறது என்று அளப்பது நல்ல, மலிவான சோதனை. இதில் நடக்கும் தவறுகளைப் பாருங்கள்.

வெப்பநிலையை 28, 30, 32 என்று மூன்றே புள்ளியில் எடுப்பார்கள். மூன்று புள்ளியில் எந்தக் கோட்டையும் வரையலாம். 20 முதல் 60 டிகிரி வரை குறைந்தது ஐந்து, முடிந்தால் ஏழு வெப்பநிலைகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று முதல் ஐந்து முறை அளக்க வேண்டும். அடுத்து, குண்டு சீரான வேகத்தை எட்டும் முன்பே நேரத்தை எடுக்கத் தொடங்குவார்கள். எண்ணெயின் மேல்மட்டத்திலிருந்து சில சென்டிமீட்டர் கீழே முதல் கோட்டைப் போட்டு, நடுவில் இன்னொரு கோடு போட்டு, இரு பாதியிலும் ஒரே நேரம் ஆகிறதா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். குறுகிய குழாயில் பெரிய குண்டைப் போட்டால் சுவரின் பாதிப்பு வேகத்தைக் குறைக்கும், பாகுநிலை உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். 60 டிகிரியில் எண்ணெய் இளகி குண்டு விரைவாக விழும்போது, ஸ்டாப்வாட்சை அழுத்தும் கையின் தாமதமே அளவில் பெரும்பங்காகிவிடும். கைபேசியில் காணொளி எடுத்து, ஃபிரேம் கணக்கில் நேரம் பார்ப்பது இதற்குத் தீர்வு.

கடைசியில் மதிப்பெண்ணைத் தின்பது பிழை வரம்பு. சராசரியை மட்டும் அட்டவணையில் போட்டுவிட்டு, ஒவ்வொரு அளவிலும் எவ்வளவு கூடுதல் குறைவு இருக்கலாம் என்பதைக் கணக்கிடாமல் விடுவார்கள். பிறகு குறைகளைச் சொல்லும் பகுதியில் "மனிதத் தவறு நடந்திருக்கலாம்" என்று ஒரு வரி. அந்த வரிக்கு மதிப்பெண் கிடையாது. எந்தத் தவறு, முடிவை எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளியிருக்கும் என்று எழுதினால் உண்டு. பொறியியல் கல்லூரியின் முதல் ஆய்வக வகுப்பில் கேட்கப்போவதும் இதேதான்.

கணித ஆய்வுக்குத் தலைப்பு எப்படித் தேர்வது?

தங்க விகிதம், பிறந்தநாள் புதிர், சீட்டாட்ட நிகழ்தகவு மூன்றையும் விட்டுவிடுங்கள்; ஆசிரியர்கள் இவற்றைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். தனக்குப் புரியாத பல்கலைக்கழகக் கணிதத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுவதும் வேண்டாம். மொத்தம் 20 மதிப்பெண்ணில் கணிதப் பயன்பாட்டுக்கு 6தான். மற்ற 14ம் அமைப்பு, குறியீட்டு ஒழுங்கு, சொந்த ஈடுபாடு, சிந்தனை ஆகியவற்றுக்கு. பாடத்தில் உள்ள கால்குலஸை வைத்துத் தன் வீட்டுக் குடத்தின் கொள்ளளவைக் கணக்கிட்டு, தண்ணீர் ஊற்றிச் சரிபார்த்து, வேறுபாடு ஏன் என்று விளக்கும் ஆய்வு எளிமையானதுதான், ஆனாலும் நன்றாகவே தேறும்.

டிஓகே என்பது தத்துவ வகுப்பா? இதனால் என்ன பயன்?

தியரி ஆஃப் நாலெட்ஜ் என்பதன் சுருக்கம். நமக்கு ஒன்று தெரியும் என்கிறோமே, எப்படித் தெரியும்? வரலாற்றில் ஆதாரம் என்பதும் வேதியியலில் ஆதாரம் என்பதும் ஒன்றா? இப்படிப்பட்ட கேள்விகள். மதிப்பீடு இரண்டு. முதலாண்டில் கண்காட்சி: ஐபி தரும் 35 வினாக்களில் ஒன்றைத் தேர்ந்து, உண்மையான மூன்று பொருள்களை அதோடு இணைத்து 950 சொல்லில் விளக்க வேண்டும். இரண்டாமாண்டில் 1,600 சொல் கட்டுரை, அந்தத் தேர்வுக்கென ஐபி வெளியிடும் ஆறு தலைப்புகளில் ஒன்றுக்கு. மூன்றில் இரண்டு பங்கு கட்டுரைக்கு.

கண்காட்சியில் வழக்கமான தவறு, பொதுவான பொருளைக் காட்டுவது. "ஒரு செய்தித்தாள்" என்பது பொருளாகாது. தாத்தா பாட்டியின் திருமணப் பத்திரிகையில் அச்சான ஒரு தேதி, திருமணச் சான்றிதழில் உள்ள தேதியோடு ஒத்துப்போகவில்லை என்றால், அந்தப் பத்திரிகை நல்ல பொருள். கட்டுரையில் வழக்கமான தவறு, மேதைகளின் பொன்மொழியால் தொடங்குவது.

பயன் உடனே தெரியாது. சட்டம், வரலாறு, சமூகவியல், மருத்துவ ஆராய்ச்சி என எதில் போனாலும், ஒரு கூற்றுக்கு எதிர்க்கூற்றை நேர்மையாக எடுத்துவைத்துவிட்டுத் தன் முடிவைச் சொல்லும் பழக்கம் அங்கே வேலைக்கு வரும். மோசமாக நடத்தப்படும் டிஓகே வகுப்பு வெறும் அரட்டை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இதில் பள்ளிக்குப் பள்ளி தரம் வெகுவாக மாறுகிறது.

காஸ்?

படைப்பு, உடற்செயல், தொண்டு. 18 மாதங்கள் தொடர்ந்து செய்ய வேண்டும், குறைந்தது ஒரு மாதம் நடக்கும் ஒரு கூட்டுத் திட்டமும் வேண்டும். பரதம், கால்பந்து, மாலை நேர வகுப்பு எடுத்தல் எதுவும் சேரும். செய்வதைவிடக் குறிப்பு எழுதுவதில்தான் பிள்ளைகள் தேங்குவார்கள். ஞாயிறுதோறும் பத்து நிமிடம் எழுதினால் முடிந்தது. கடைசி மாதத்தில் ஒன்றரை ஆண்டுக் குறிப்பைக் கற்பனையில் எழுதுவதைப் பள்ளியின் ஒருங்கிணைப்பாளர் பார்த்தவுடன் கண்டுபிடிப்பார்.

எந்த மூன்று பாடங்களை எச்எல் எடுப்பது?

கல்லூரியில் என்ன படிக்க நினைக்கிறார் என்பதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பிள்ளைக்குப் பிடித்த பாடம் முதலில், கல்லூரி கேட்கும் பாடம் கட்டாயம், மூன்றாவது சற்று இளைப்பாறத் தருவதாக இருக்கலாம். நான்கு எச்எல் எடுக்க அனுமதி உண்டு. "எதற்கும் இருக்கட்டும்" என்று எடுப்பவர்களில் பலர் பாதியில் ஒன்றை எஸ்எல்லுக்கு இறக்குவார்கள். இறக்குவதில் அவமானம் இல்லை. அதை முதலாண்டுக்குள் செய்துவிட வேண்டும் என்பதுதான் முக்கியம்.

கணிதத்தில் கவனம் தேவை. இரண்டு வழிகள் உள்ளன: அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ், அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரடேஷன். சுருக்கமாக ஏஏ, ஏஐ. இரண்டிலும் எச்எல், எஸ்எல் உண்டு. ஏஏயில் முதல் தாளுக்குக் கால்குலேட்டர் கிடையாது, நிரூபணமும் இயற்கணிதமும் கூடுதல். ஏஐ முழுக்கக் கால்குலேட்டரோடு, புள்ளியியல் கூடுதல். பொறியியல், இயற்பியல், கணினி அறிவியல், கணிதம் சார்ந்த பொருளாதாரம் என்று போக வாய்ப்பிருந்தால் ஏஏ எச்எல் பாதுகாப்பு. ஏஐ எஸ்எல் எடுத்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பில் "எனக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும்" என்றால் பல கதவுகள் மூடியிருக்கும். உளவியல், வரலாறு, வடிவமைப்பு என்று போகிறவருக்கு ஏஐ முற்றிலும் தகும். ஏஐ மட்டமானது என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

இந்தியாவில் மருத்துவம் படிக்க வேண்டும். ஐபி எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் பாடத் தேர்வில் ஒரு முடிச்சு இருக்கிறது. இந்தியாவில் எம்பிபிஎஸ் சேர்க்கைக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். வழக்கமான ஐபி அமைப்பில் அறிவியல் குழுவிலிருந்து ஒன்று, ஆறாவது இடத்தில் இன்னொன்று என இரண்டுதான் எடுக்க முடியும். மூன்றும் வேண்டுமென்றால், கல்லூரிச் சேர்க்கை விதியைச் சான்றாகக் காட்டி, வேறொரு குழுவை விட்டுவிட்டு மூன்றாவது அறிவியலை எடுக்கப் பள்ளி ஐபியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். இப்படிப்பட்ட டிப்ளமோ விதிகளில் உண்டு. பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் முன்பே ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பயனில்லை.

ஜேஇஇ, நீட் தேர்வுகளுக்கு ஐபி உதவுமா?

நேரடியாக உதவாது. நீட் 180 நிமிடத்தில் 180 கேள்வி. ஜேஇஇ மெயின் மூன்று மணி நேரத்தில் 75 கேள்வி. இரண்டிலும் தவறான விடைக்கு மதிப்பெண் குறையும், இரண்டுக்கும் அடிப்படை என்சிஇஆர்டி பாடங்கள். ஐபி கேட்பது நீண்ட விடை, விளக்கம், சோதனை வடிவமைப்பு. வேகமும் நினைவும் வேறு தசை. இரண்டையும் ஒன்றாகச் செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் எக்ஸ்டெண்டட் எஸ்ஸேயும் ஐஏக்களும் குவியும் இரண்டாமாண்டின் முற்பாதியில் கோச்சிங் வகுப்பும் சேர்ந்தால் இரண்டில் ஒன்று நிச்சயம் அடிவாங்கும். ஐஐடிதான் ஒரே குறி என்றால் சிபிஎஸ்இயோ மாநிலப் பாடத்திட்டமோ நேர்வழி. இதைச் சொல்லப் பல பள்ளிகள் தயங்குகின்றன.

என் பிள்ளைக்கு இயற்பியலில் 68 சதவீதம்தான். எப்போதும் 95 வாங்குபவர். என்ன ஆயிற்று?

பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. ஐபியில் 7 என்பது 95 சதவீதம் அல்ல. ஒவ்வொரு தேர்விலும் தாளின் கடினத்தைப் பார்த்து எல்லைகள் வகுக்கப்படும். பல எச்எல் பாடங்களில் எழுபதுகளிலேயே 7 கிடைத்துவிடும், 68 என்பது நல்ல 6 ஆக இருக்கும். உலக சராசரி 45க்கு ஏறத்தாழ 30தான். உறவினரிடம் சதவீதத்தைச் சொல்லாமல் புள்ளியைச் சொல்லுங்கள், வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

எந்த மாதத்தில் எதை முடித்திருக்க வேண்டும்?

மே மாதத் தேர்வு எழுதும் பள்ளிகளுக்கு, இரண்டாமாண்டின் செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரைதான் நெருக்கடி. எக்ஸ்டெண்டட் எஸ்ஸே இறுதி வடிவம், மூன்று நான்கு ஐஏக்கள், டிஓகே கட்டுரை, கல்லூரி விண்ணப்பங்கள் எல்லாம் ஒன்றாக விழும். அக்டோபர் 15 ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மற்றும் பிரிட்டன் மருத்துவப் படிப்புகளுக்குக் கெடு. அமெரிக்காவில் முன்கூட்டிய விண்ணப்பங்கள் பெரும்பாலும் நவம்பர் 1, மற்றவை ஜனவரித் தொடக்கம்.

அதனால் முதலாண்டு ஜனவரியில் எக்ஸ்டெண்டட் எஸ்ஸேயின் பாடமும் வழிகாட்டியும் முடிவாகிவிட வேண்டும், மார்ச்சுக்குள் கேள்வி, கோடை விடுமுறைக்கு முன் தரவு அல்லது படிக்க வேண்டிய நூல்கள். விடுமுறையில் முழு வரைவு. விடுமுறையில் வரைவு எழுதாதவர் அதை அக்டோபரில் எழுதுவார், அக்டோபரில் எழுதும் வரைவு மெலிந்துதான் இருக்கும். ஐஏக்களில் சோதனை தேவைப்படும் அறிவியலை முதலில் முடியுங்கள். ஆய்வகம் காலியாக இருக்காது, முதல் முறை சோதனை சரியாக வராது. எழுத்து சார்ந்த ஐஏக்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

டியூஷன் வைக்கலாமா?

எச்எல் கணிதம், வேதியியலில் அடிப்படை புரியாமல் தவிப்பவருக்கு வைக்கலாம். ஐஏவுக்கும் எக்ஸ்டெண்டட் எஸ்ஸேக்கும் "உதவும்" டியூஷன் ஆபத்து. பிடிபட்டால் அந்தப் பாடத்துக்கு மதிப்பெண்ணே வராமல் போகலாம், அதோடு டிப்ளமோவும். பிடிபடாவிட்டாலும் கல்லூரி முதலாண்டில் உதவ ஆள் இருக்க மாட்டார்.

சாட்ஜிபிடி?

ஐபி அதைத் தடை செய்யவில்லை. ஆனால் அது எழுதியதைத் தன் எழுத்தாகக் கொடுப்பது நேர்மைக் குற்றம். பயன்படுத்தினால் மேற்கோளாகக் குறிக்க வேண்டும். அது கொடுக்கும் நூற்பட்டியலில் இல்லாத புத்தகங்களும் இருக்கும் என்பதால், கையில் எடுத்துப் பார்க்காத எதையும் ஆதாரமாகப் போடக் கூடாது. வழிகாட்டும் ஆசிரியர் நேர்காணலில் இரண்டு கேள்வி கேட்டாலே, எழுதியவர் யார் என்று விளங்கிவிடும்.

பல்கலைக்கழகங்கள் இதை எப்படி மதிக்கின்றன?

பிரிட்டனில் புள்ளியும் எச்எல் மதிப்பெண்ணும்தான் பேச்சு. கேம்பிரிட்ஜின் வழக்கமான நிபந்தனை 41 முதல் 42 வரை, எச்எல்லில் 7, 7, 6. பள்ளி தரும் கணிப்பு மதிப்பெண்ணை வைத்து நிபந்தனையோடு இடம் தருவார்கள், ஜூலையில் அந்தப் புள்ளி வர வேண்டும். பள்ளி அன்பினால் கணிப்பை ஏற்றிப் போட்டால் பிள்ளைக்கு நல்லது செய்வதாகாது. எட்ட முடியாத நிபந்தனையோடு நிற்பார்.

அமெரிக்காவில் சேர்க்கைக்கு முன் பார்ப்பது "பள்ளியில் கிடைத்தவற்றுள் கடினமான பாடங்களை எடுத்தாரா" என்பதை. சேர்ந்த பிறகு கிரெடிட், அதாவது கல்லூரிப் பாடத்தில் ஒரு பகுதியை முடித்துவிட்டதாகக் கணக்கு. கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழுமம் 30 புள்ளியோ அதற்கு மேலோ வாங்கிய டிப்ளமோவுக்கு 30 குவார்ட்டர் யூனிட் தருகிறது. தனித்தனி எச்எல்லில் 5 அல்லது அதற்கு மேல் என்றால் பாடத்துக்கு 8. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள், எல்லாத் தேர்விலும் 4க்குக் குறையாத டிப்ளமோவுக்குக் குறைந்தது 24 செமஸ்டர் மணி தர வேண்டும் என்று அம்மாநிலச் சட்டமே சொல்கிறது. கிட்டத்தட்ட ஓராண்டுக் கட்டணம் மிச்சம். தனியார் பல்கலைக்கழகங்கள் பல இவ்வளவு தாராளம் இல்லை; எஸ்எல்லுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அங்குள்ள அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஐபி கட்டணமின்றிக் கிடைக்கிறது என்பதால், புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல அதற்காகவே பள்ளி எல்லை பார்த்து வீடு பார்க்கின்றன.

இந்தியாவில் ஐபி டிப்ளமோவைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாக இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் ஏற்கிறது. இணைச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். முடிவு ஜூலை முதல் வாரத்தில் வருவதால், சேரப்போகும் கல்லூரி கணிப்பு மதிப்பெண்ணை ஏற்றுத் தற்காலிகமாகச் சேர்க்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

டிப்ளமோ கிடைக்காமல் போவது எப்போது?

மொத்தம் 24க்குக் கீழே போனால். எச்எல் மூன்றிலும் சேர்த்து 12, எஸ்எல்லில் 9 வராவிட்டால். எந்தப் பாடத்திலாவது 1 வந்தால். எக்ஸ்டெண்டட் எஸ்ஸேயிலோ டிஓகேயிலோ கடைசி கிரேடான ஈ வந்தால், 40 புள்ளி இருந்தாலும் டிப்ளமோ இல்லை. காஸ் முடியாவிட்டாலும் அப்படியே. டிப்ளமோ கிடைக்காவிட்டாலும் எழுதிய பாடங்களுக்குச் சான்று உண்டு. மொத்தம் மூன்று தேர்வுப் பருவங்கள் வரை முயலலாம்.

ஐபி எதற்குத் தயார்ப்படுத்துவதில்லை?

முந்நூறு பேர் உட்காரும் வகுப்பில் பெயர் தெரியாதவராக இருப்பதற்கு. ஐபி வகுப்புகள் சிறியவை, ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்து நினைவூட்டுவார், ஒருங்கிணைப்பாளர் வீட்டுக்கு மின்னஞ்சல் அனுப்புவார். அந்த நினைவூட்டல் நின்றவுடன் சரியும் ஐபி மாணவர்களும் உண்டு. இரண்டாமாண்டில் பெற்றோர் நாட்காட்டியைக் கையில் வைத்திருப்பதை நிறுத்திவிட்டுப் பிள்ளையிடமே கொடுத்துவிடுவது நல்லது. ஒன்றிரண்டு கெடு தவறட்டும், பள்ளி வைக்கும் உள்கெடு தவறினால் திருத்திக்கொள்ளலாம். இன்னொன்று, "எல்லாவற்றிலும் நன்றாக" என்ற பழக்கம். கல்லூரியில் ஒன்றை ஆழமாகப் பிடிக்க மற்றதை விடத் தெரிய வேண்டும். ஆறு பாடமும் சமம் என்று இரண்டாண்டு ஓடியவருக்கு அது சட்டென்று வராது.

ஜூலையில் எதிர்பார்த்த புள்ளி வரவில்லை. இப்போது?

முதலில் ஒருங்கிணைப்பாளரிடம் ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணையும் எல்லையையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த கிரேடுக்கு ஒன்றிரண்டு மதிப்பெண்தான் குறைகிறதென்றால் மறுதிருத்தம் கேட்கலாம். பள்ளி வழியாகத்தான் கேட்க முடியும், கட்டணம் உண்டு, மதிப்பெண் கூடலாம், குறையவும் செய்யலாம். குறைந்தால் குறைந்ததுதான் நிற்கும். அதனால் மேல் எல்லைக்கு அருகிலும் கீழ் எல்லைக்குத் தொலைவிலும் இருக்கும் பாடத்துக்கு மட்டும் கேளுங்கள். அதே நாளில் கல்லூரிக்கும் எழுதுங்கள். ஒரு புள்ளி குறைவு என்றால் பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் சில நேரம் விட்டுக்கொடுக்கும், மறுதிருத்தம் கேட்டிருப்பதாகத் தெரிந்தால் காத்திருக்கவும் செய்யலாம். இரண்டாம் தேர்வாக வைத்த கல்லூரியின் நிபந்தனை நிறைவேறியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் காலியிடங்களுக்கான கிளியரிங் இருக்கிறது. நவம்பர் பருவத்தில் மீண்டும் எழுதுவதாக இருந்தால் பதிவுக்கான கெடு ஜூலைக் கடைசியிலேயே வந்துவிடும், விடுமுறைக்குப் போய்விட்டு வந்து யோசிக்கலாம் என்று இருக்க முடியாது.